கம்ப்யூட்டரில் வை-ஃபை வரவில்லையா? கடைக்குப் போகுமுன் சில சோதனைகள்

சென்ற மாதம் நம் சங்கக் கூட்டம் முடிந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது மூன்று அன்பர்கள் தனித்தனியே வந்து என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "சார், போனில் இன்டர்நெட் நன்றாக வருகிறது. கம்ப்யூட்டரில் மட்டும் வருவதில்லை. புது அடாப்டர் வாங்கிவிடலாமா?" மூவருக்கும் நின்றபடியே பதில் சொல்ல முடியவில்லை. நம் செயலாளர், "ஒரு கட்டுரையாகவே எழுதிக் கொடுத்துவிடுங்கள்" என்றார். ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கம்ப்யூட்டர் படித்தவன் அல்ல. ஆனால் கோளாறு கண்டுபிடிக்கும் முறை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான் என்பதால் துணிந்து எழுதுகிறேன்.

இந்த விஷயத்தில் நானே ஒரு தவறு செய்து பணத்தை வீணாக்கியவன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில், எது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வோம். தெருவிலிருந்து ஃபைபர் கம்பி வீட்டுக்குள் வந்து ஒரு சிறு பெட்டியில் முடிகிறது. அந்தப் பெட்டியிலோ, அதன் பக்கத்தில் இருக்கும் ரவுட்டரிலோ இருந்து ரேடியோ அலை கிளம்புகிறது. அந்த அலை சுவரையும் பீரோவையும் தாண்டிக் கம்ப்யூட்டரில் உள்ள அடாப்டருக்கு வந்து சேர வேண்டும். லேப்டாப்பில் அடாப்டர் உள்ளேயே இருக்கும். மேஜைக் கம்ப்யூட்டரில் பெரும்பாலும் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சிறு பொருளாக, யுஎஸ்பி துளையில் செருகியிருக்கும். அடாப்டரை இயக்க டிரைவர் என்ற மென்பொருள் வேண்டும். அதற்கு அப்புறம்தான் நாம் பார்க்கும் திரை. ஆக, கம்பி, ரவுட்டர், காற்று, அடாப்டர், டிரைவர் என்று ஐந்து செக்‌ஷன்கள். வண்டி எந்த செக்‌ஷனில் நின்றுவிட்டது என்று தெரியாமல் என்ஜினை மாற்றக் கூடாது அல்லவா? நம்மில் பலர் எடுத்த எடுப்பில் அடாப்டரை மாற்றுகிறோம்.

"போனில் வருகிறது" என்பதை நான் உடனே நம்புவதில்லை. போனில் சிம் கார்டின் டேட்டாவும் இருக்கிறது. வை-ஃபை செத்துக் கிடந்தாலும் போன் சத்தமில்லாமல் அந்த டேட்டாவுக்கு மாறிக்கொண்டு, எல்லாம் சரியாக இருப்பதுபோல் காட்டும். ஆகவே போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, வீட்டு வை-ஃபையில் மட்டும் ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். அப்போது வராவிட்டால் உங்கள் கம்ப்யூட்டர் நிரபராதி. ஃபைபர் பெட்டியில் "லாஸ்" என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்தால், வெளியிலிருந்து ஒளியே வரவில்லை என்று அர்த்தம். கம்பெனிக்குப் போன் செய்வதைத் தவிர நாம் செய்வதற்கு ஒன்றுமில்லை. அந்த நேரத்தில் ரவுட்டரின் பின்புறத் துளையில் ஊசியைக் குத்தி "ரீசெட்" செய்யாதீர்கள். கம்பெனிக்காரர் அதில் பதித்துவிட்டுப் போன பெயரும் பாஸ்வேர்டும் அழிந்துபோகும். அப்புறம் சின்னக் கோளாறு பெரிய கோளாறாகிவிடும். சுவிட்சை அணைத்து ஒரு நிமிடம் கழித்துப் போடுவது வேறு, ரீசெட் வேறு.

போனில் வை-ஃபை வழியாகவே வருகிறது, கம்ப்யூட்டரில் இல்லை என்று உறுதியானால், அடுத்த கேள்வி: கம்ப்யூட்டருக்கு அடாப்டர் தெரிகிறதா? விண்டோஸில் ஸ்டார்ட் பொத்தானின் மேல் மவுஸின் வலது பக்கத்தை அழுத்தினால் "டிவைஸ் மேனேஜர்" என்ற வரி வரும். அதில் "நெட்வொர்க் அடாப்டர்ஸ்" என்ற தலைப்பைத் திறந்து பாருங்கள். வயர்லெஸ் என்றோ வை-ஃபை என்றோ ஒரு பெயர் இருக்க வேண்டும். இல்லவே இல்லை என்றால் அடாப்டரைப் பிடுங்கி வேறு துளையில் செருகுங்கள். முன்புறத் துளைகள் உள்ளே ஒரு மெல்லிய வயரால் இணைக்கப்பட்டவை. சில கம்ப்யூட்டர்களில் அந்த இணைப்பு ஆடிப்போயிருக்கும். பின்புறத் துளையில் ஒருமுறை முயன்று பாருங்கள். பெயர் இருந்து, அதன்மேல் மஞ்சள் அடையாளம் இருந்தால், பெயரை இருமுறை அழுத்தினால் ஓர் எண்ணைச் சொல்லும். 28 என்றால் டிரைவர் போடப்படவில்லை. 10 என்றால் அடாப்டரைத் தொடங்க முடியவில்லை. 43 என்றால் அடாப்டர் தானே ஏதோ கோளாறைத் தெரிவித்ததால் விண்டோஸ் அதை நிறுத்திவிட்டது. 28-க்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை. 10, 43 வந்தாலும் டிரைவரை நீக்கி, கம்ப்யூட்டரை முழுதும் அணைத்து, மறுபடி போட்டுப் பார்த்த பிறகுதான் அடாப்டரைச் சந்தேகிக்க வேண்டும். அந்த அடாப்டரை வேறொரு கம்ப்யூட்டரில் செருகிப் பார்த்தால் சந்தேகம் அடியோடு தீர்ந்துவிடும்.

சில அடாப்டர்கள் ஒரு வேடிக்கை செய்யும். செருகியவுடன் தன்னை ஒரு சிடி டிரைவ் என்று சொல்லிக்கொள்ளும். டிரைவர் அதற்குள்ளேயே இருக்கிறது. அந்த "சிடி"யைத் திறந்து நிறுவிய பிறகே அது அடாப்டராக மாறும். இது தெரியாமல், "என்னவோ சிடி என்று காட்டுகிறது, தவறான பொருளைக் கொடுத்துவிட்டான்" என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோனவரை எனக்குத் தெரியும்.

டிரைவர் வேண்டுமென்றால் இன்டர்நெட் வேண்டும். இன்டர்நெட் வேண்டுமென்றால் டிரைவர் வேண்டும். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் என்ற கதைதான்! இதற்கு எளிய வழி இருக்கிறது. உங்கள் போனை அதன் சார்ஜர் கேபிளாலேயே கம்ப்யூட்டரில் செருகி, போனின் செட்டிங்ஸில் "யுஎஸ்பி டெதரிங்" என்பதை இயக்குங்கள். போனே தற்காலிகமாக கம்ப்யூட்டருக்கு இன்டர்நெட் கொடுக்கும். டிரைவரை இறக்கிக்கொண்டு அணைத்துவிடலாம். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்ததால் நம்மில் பலர் 11-க்கு மாறினார்கள். மாறிய மறுநாளே சிலருக்கு அடாப்டர் நின்றுபோயிற்று. பழைய அடாப்டருக்கு 11-க்கென்று டிரைவர் கிடைக்காவிட்டால் 10-க்கு உரியதையே போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் வேலை செய்யும்.

அடாப்டர் இருக்கிறது, பக்கத்து வீட்டு வை-ஃபை பெயர்கள் எல்லாம் தெரிகின்றன, நம் வீட்டுப் பெயர் மட்டும் இல்லை. இது அடிக்கடி வரும் புகார். காரணத்தைப் புரிந்துகொள்ள வரலாற்றைக் கொஞ்சம் தொட வேண்டும். வை-ஃபைக்கான முதல் தர நிர்ணயம் 1997-ல் வந்தது. அப்போது வேகம் வினாடிக்கு 2 மெகாபிட். 1999-ல் 11 மெகாபிட் ஆயிற்று. பயன்படுத்திய அலைவரிசை 2.4 கிகாஹெர்ட்ஸ். நம் நாட்டில் இந்த அலைவரிசையை உரிமம் இன்றிப் பயன்படுத்த 2005 ஜனவரியில் அரசு வழி செய்தது. 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியைத் தாராளமாகத் திறந்துவிட்டது 2018 அக்டோபரில். இப்போதைய ரவுட்டர்கள் இரண்டிலும் பேசும். ஆனால் மலிவான, சிறிய அடாப்டர்கள் பல 2.4-ல் மட்டுமே கேட்கும். ரவுட்டரில் யாராவது 5-ஐ மட்டும் வைத்து 2.4-ஐ அணைத்திருந்தால், அந்த அடாப்டருக்கு உங்கள் வீட்டு ரவுட்டர் இருப்பதே தெரியாது. இன்னொரு காரணமும் உண்டு. 2.4-ல் நம் நாட்டில் 13 சேனல்கள். அமெரிக்காவில் வழக்கமாக 11 வரைதான். அமெரிக்க அமைப்போடு வந்த அடாப்டருக்கு, ரவுட்டர் 12-லோ 13-லோ இருந்தால் காது கேட்காது. ரவுட்டரை 1, 6, 11 என்ற மூன்றில் ஒன்றில் வைப்பது நல்லது. சேனல்கள் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் இருக்க, ஒவ்வொரு பேச்சும் 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் எடுத்துக்கொள்வதால், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் நிற்கக்கூடியவை இந்த மூன்றுதான்.

பெயர் தெரிகிறது, இணைந்துவிட்டது என்றும் காட்டுகிறது, ஆனால் எதுவும் திறக்கவில்லை. இப்போது ஸ்டார்ட்டில் சி-எம்-டி என்று தட்டினால் கறுப்புச் சன்னல் ஒன்று வரும். அதில் ஐ-பி-சி-ஓ-என்-எஃப்-ஐ-ஜி என்று இடைவெளி இல்லாமல் ஆங்கில எழுத்துகளில் தட்டி என்டர் அழுத்துங்கள். "ஐபிவி4 அட்ரஸ்" என்ற வரியைப் பாருங்கள். 192.168 என்று தொடங்கினால் ரவுட்டர் உங்கள் கம்ப்யூட்டருக்கு முகவரி கொடுத்துவிட்டது. 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் கொடுக்கவில்லை. கேட்டுப் பார்த்து அலுத்துப்போய் கம்ப்யூட்டர் தானாக ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது. ரவுட்டரை அணைத்துப் போட்டால் பெரும்பாலும் தீரும். அதே திரையில் "டிஃபால்ட் கேட்வே" என்று ஓர் எண் இருக்கும். அதுதான் ரவுட்டரின் முகவரி. பி-ஐ-என்-ஜி என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு அந்த எண்ணைத் தட்டுங்கள். நாலு தடவை கூப்பிட்டு நாலு தடவை பதில் வந்தால், காற்று, அடாப்டர், டிரைவர் மூன்றும் அந்த நிமிடத்தில் நலம். கோளாறு ரவுட்டருக்கு அப்பால் இருக்கிறது, அல்லது கம்ப்யூட்டரின் கடிகாரத்தில் இருக்கிறது.

கடிகாரமா என்று கேட்பீர்கள். பழைய மேஜைக் கம்ப்யூட்டர்களில் தாய்ப்பலகையின்மேல் ஒரு ரூபாய் நாணயம் போல ஒரு பேட்டரி இருக்கும், சிஆர் 2032 என்று பெயர், 3 வோல்ட். அது தீர்ந்துபோனால், கரண்ட் போய் வரும்போதெல்லாம் தேதி பழைய ஏதோ ஓர் ஆண்டுக்குப் போய்விடும். வங்கி, மின்னஞ்சல் போன்ற பக்கங்கள் எல்லாம் தங்கள் அடையாளச் சான்றிதழில் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி போட்டிருக்கும். கம்ப்யூட்டரின் தேதி அதற்கு வெளியே இருந்தால், "பாதுகாப்பு இல்லை" என்று சொல்லித் திறக்க மறுக்கும். பார்ப்பவர் வை-ஃபை கெட்டுவிட்டது என்றே நினைப்பார். முப்பது, நாற்பது ரூபாய் சமாசாரம்.

இதுவரை சொன்னவை எல்லாம் நிலையான கோளாறுகள். எப்போது பார்த்தாலும் அங்கேயே இருக்கும், கண்டுபிடித்துவிடலாம். வந்துவந்து போகும் கோளாறுதான் மனிதனைச் சோதிக்கும். ரயில் பாதையில் டிராக் சர்க்யூட் என்று ஒன்று உண்டு. தண்டவாளத்தில் சிறு மின்சாரத்தை விட்டு, வண்டி நிற்கிறதா என்று அறிவது. மழை பெய்தால் ஜல்லி நனைந்து, ஒரு தண்டவாளத்திலிருந்து மற்றதற்கு மின்சாரம் கசியும். ரிலே விழும். வண்டியே இல்லாமல் சிக்னல் சிவப்பில் நிற்கும். நாங்கள் டிராலியில் போய்ச் சேர்வதற்குள் வெயில் அடித்து ஜல்லி காய்ந்திருக்கும். "போய்ப் பார்த்தபோது சரியாக இருந்தது" என்று ரிஜிஸ்தரில் எழுதிவிட்டு வருவோம். அடுத்த மழைக்கு மறுபடி அதே கதை.

என் எதிர்வீட்டு அம்மையாருக்கு எண்பத்திரண்டு வயது. மகள் ஜெர்மனியில். அங்கே பேத்திக்கு ஒன்பது வயது. ஞாயிறு தோறும் நம் நேரம் மாலை ஏழு மணிக்கு இவர் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து அந்தக் குழந்தைக்குத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுப்பார். கண் மங்கல் என்பதால் போனில் முடியாது. பெரிய திரை வேண்டும். பலகையில் எழுதிக் காட்டுவார், குழந்தை அங்கே எழுதிக் காட்டும். ஒரு நாள் பாடத்தின் நடுவே படம் உறைந்து நின்றது. அடுத்த ஞாயிறும் அப்படியே. என்னைக் கூப்பிட்டார்கள். திங்கட்கிழமை போய்ப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. அடுத்த ஞாயிறு மறுபடி நின்றது. செவ்வாய்க்கிழமை போனேன், சரியாக இருந்தது.

"தம்பி, உன்னைக் கண்டால் பயந்துக்கிட்டு ஒழுங்கா நடக்குது" என்றார் அம்மையார். சிரித்தேன்; உள்ளுக்குள் சங்கடம்தான்.

கீழ்வீட்டில் இரவுச் சாப்பாட்டை மைக்ரோவேவ் அடுப்பில் சூடாக்கும் நேரம் அது. மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்வதும் 2.45 கிகாஹெர்ட்ஸில்தான். கதவு இடுக்கில் கசியும் துளி போதும், பக்கத்து வை-ஃபையைக் கலைக்க. கண்டுபிடித்துவிட்டேன் என்ற பெருமிதத்தோடு போய் விசாரித்தால், அவர்கள் அடுப்பு இரண்டு மாதமாக ரிப்பேரில் இருக்கிறதாம். சேனலை 6-லிருந்து 11-க்கு மாற்றினேன். பயனில்லை. பொறுமை இழந்தேன். அடாப்டர் சூடேறித்தான் தகராறு செய்கிறது என்று எனக்கு நானே முடிவு கட்டிக்கொண்டு எழுநூறு ரூபாய்க்குப் புதிது வாங்கிச் செருகினேன். அம்மையார் பணம் கொடுக்க வந்தார், வாங்கவில்லை. நல்லவேளை! ஞாயிறு ஏழேகாலுக்குப் புது அடாப்டரும் நின்றது. அதோடு ஐந்து வாரப் பாடம் போயிற்று. "பாட்டிக்கு என்னோடு பேசப் பிடிக்கவில்லையா" என்று குழந்தை கேட்டதாக மகள் போனில் சொல்லியிருக்கிறாள்.

அப்போதுதான் நான் முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்து, "அம்மா, எத்தனை மணிக்கு நின்றது, அந்த நேரத்தில் வீட்டில் யார் இருந்தார்கள், என்னென்ன ஓடிக்கொண்டிருந்தது, எல்லாவற்றையும் எழுதுங்கள். சம்பந்தம் இல்லை என்று தோன்றினாலும் எழுதுங்கள்" என்றேன். அவர் எழுத்து முத்து முத்தாக இருக்கும். அடுத்த வாரம் படித்தேன். புதன்: ஃபேன், டிவி, மிக்சி, தொந்தரவு இல்லை. ஞாயிறு: பேரன் ஹாஸ்டலிலிருந்து வந்தான், இட்லி, பெட்டியைச் செருகினான், ஏழு பத்துக்கு நின்றது.

என்ன பெட்டி? ஹார்ட் டிஸ்க். வாரம் முழுதும் வீட்டுக் கம்ப்யூட்டரில் இறங்கியிருக்கும் பாடங்களையும் சினிமாக்களையும் பேரன் ஞாயிற்றுக்கிழமை வந்து அதில் ஏற்றிக்கொண்டு போவான். செருகிய இடம், அடாப்டருக்கு ஒட்டினாற்போல் பக்கத்துத் துளை. நீல நிறத் துளை. அதாவது யுஎஸ்பி 3.

யுஎஸ்பி 3-ல் தகவல் வினாடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் ஓடுகிறது. அந்த ஓட்டத்தின் இரைச்சல் துளையிலிருந்தும் கேபிளிலிருந்தும் பெட்டியிலிருந்தும் வெளியே சிதறுகிறது. அது பரந்துகிடக்கும் இரைச்சல், 2.4 கிகாஹெர்ட்ஸும் அதற்குள் அடக்கம். இன்டெல் கம்பெனி இதை அளந்து 2012-லேயே ஓர் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. அடாப்டர் கெடவில்லை. அடுத்த அறையில் இருக்கும் ரவுட்டர் மெதுவாகப் பேசுகிறது. காதோரத்தில் ஒருவர் தகர டப்பாவைத் தட்டுகிறார். கேட்குமா? டப்பா சத்தம் நின்றதும் எல்லாம் கேட்கும். திங்கட்கிழமை நான் போனபோது டப்பா ஹாஸ்டலுக்குப் போய்விட்டது. நான் வாங்கிய புது அடாப்டரும் 2.4 மட்டும் கேட்கும் ரகம்தான். ஆகவே அதற்கும் அதே கதி.

சந்தேகத்தை ஊர்ஜிதம் செய்ய அடுத்த ஞாயிறு பேரனை உட்காரவைத்துப் பார்த்தேன். மேலே சொன்ன பி-ஐ-என்-ஜி கட்டளையில் எண்ணுக்குப் பின்னால் ஓர் இடைவெளி விட்டு, சிறு கோடும் ஆங்கில டி எழுத்தும் சேர்த்தால், நிறுத்தும்வரை கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். நிறுத்த கன்ட்ரோலும் சி-யும். ஹார்ட் டிஸ்க் இல்லாதபோது பதில் ஒழுங்காக வந்தது. செருகி ஏற்றத் தொடங்கியதும் பதில் தாமதமாயிற்று, பிறகு வரவே இல்லை. பிடுங்கினோம், வந்தது. மறுபடி செருகினோம், போயிற்று. மூன்று முறை செய்தோம். ஒரு முறை மட்டும் பார்த்து எதையும் நம்பக் கூடாது.

பரிகாரம், ஒரு மீட்டர் நீள யுஎஸ்பி நீட்டிப்பு கேபிள். அடாப்டரை அதன் முனையில் செருகி, கம்ப்யூட்டரின் இரும்புப் பெட்டிக்குப் பின்னாலிருந்து எடுத்து மேஜைமேல் நிற்கவைத்தேன். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர், இரும்புத் தகட்டின் பின்னால் ஒளிந்திருக்கும் அடாப்டருக்கு அது எட்டுவது ஏற்கெனவே பாதிதான். போலாரம், கண்டோன்மென்ட் பக்கத்துப் பழைய வீடுகளில் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். கனமான சுவர் ஒரு பங்கை விழுங்கிவிடும், கண்ணாடி பதித்த இரும்பு பீரோ இன்னொரு பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். ஹார்ட் டிஸ்க்கைப் பெட்டியின் எதிர்ப்பக்கத் துளைக்கு மாற்றினோம். 5 கிகாஹெர்ட்ஸ் அடாப்டர் வாங்கினால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும் என்றாலும், சுவர் தாண்டுவதில் 5 கொஞ்சம் பலவீனம். அந்த வீட்டுக்கு நீட்டிப்பு கேபிளே பொருத்தம் என்று பட்டது.

இன்னொரு சிறு விஷயத்தையும் சரிசெய்தேன். டிவைஸ் மேனேஜரில் அடாப்டரின் பெயரைத் திறந்தால், பல அடாப்டர்களில் "பவர் மேனேஜ்மென்ட்" என்ற பகுதி இருக்கும். மின்சாரத்தைச் சேமிக்க இந்தச் சாதனத்தைக் கம்ப்யூட்டர் அணைத்துவிடலாம் என்ற அனுமதிக்கு எதிரே டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். கம்ப்யூட்டர் தூங்கி எழுந்த பிறகு வை-ஃபை வருவதில்லை என்ற புகாருக்கு முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். ஆனால் இதையும் கேபிளையும் நான் ஒரே நாளில் செய்யவில்லை. ஒரு வாரம் விட்டுச் செய்தேன். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எதனால் சரியாயிற்று என்று கடைசிவரை தெரியாது.

அந்த ஞாயிறு பாடம் முக்கால் மணி நேரம் தடங்கல் இல்லாமல் நடந்தது. பேரன் பக்கத்தில் இருந்தே ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிக்கொண்டிருந்தான். ஐந்து வாரத்தில் குழந்தை லகரத்துக்கும் ளகரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மறந்துவிட்டதாம். அம்மையார் மறுபடி அங்கிருந்தே தொடங்கியிருக்கிறார்.

நான் வாங்கிய அடாப்டர் என் மேஜை இழுப்பறையில் புதிதாகவே இருக்கிறது. உங்கள் அடாப்டர்தான் கெட்டதா என்று சந்தேகம் உள்ளவர்கள் அடுத்த கூட்டத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு போய், ஒரு வாரம் செருகிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கலாம்.